குடை அக்காவும் கூரை இறங்கிய குகையும்

எங்கள் அலுவலகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. குடை அக்கா என்றால்தான் காவலாளியிலிருந்து மேலதிகாரி வரை எல்லோருக்கும் தெரியும். தொல்லியல் துறையின் புகைப்படக்காரர். ஸ்டுடியோக்களில் வெளிச்சத்தை மெதுவாகப் பரப்புவதற்கு விரித்து வைப்பார்களே வெள்ளைத் துணிக் குடை, அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான் குகைகளுக்குள் போவார். மலையடிவாரத்தில் ஆடு மேய்க்கிறவர்கள் வழிமறித்துக் கேட்பார்கள்.

"மழையுமில்ல, வெயிலுமில்ல. குகைக்குள்ள எதுக்கும்மா குடை?"

"உள்ள இருக்கறவங்க வெளிச்சத்தைப் பார்த்து ரொம்ப நாளாச்சு. திடீர்னு அடிச்சா கண்ணு கூசுமில்ல?" என்று சொல்லிவிட்டு நடப்பார்.

நான் அதே அலுவலகத்தில் கணினிப் பிரிவில் இருந்தேன். அக்கா எடுத்துவரும் படங்களைக் கோத்துக் குகையை முப்பரிமாணத்தில் எழுப்புவது என் வேலை. அதனால் நடந்தது எல்லாம் என் மேஜை மேல்தான் நடந்தது என்றுகூடச் சொல்லலாம்.

துறைக்கு வருவதற்கு முன் அக்கா கடைத்தெரு ஸ்டுடியோ ஒன்றில் பாஸ்போர்ட் படமும் பள்ளிக்கூட குரூப் படமும் எடுத்துக்கொண்டிருந்தவர். வரிசையில் ஐம்பது பிள்ளைகள் நின்றால் அதில் நாலு பேராவது கண்ணை மூடியிருப்பார்கள். அந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு குகையைப் பற்றிப் பேசுவார். "இது மாதிரி ஒரு கஸ்டமர் கிடைக்கமாட்டாங்க. தலையைத் தூக்குங்க, தாடையை இறக்குங்கன்னு கெஞ்ச வேண்டாம். கண்ணைச் சிமிட்டாது. படத்துல நான் கறுப்பா இருக்கேன்னு திருப்பித் தராது."

வேலை என்னவோ அவ்வளவு லேசு இல்லை. ஒரு படத்தில் வலது ஓரத்தில் இருக்கும் கல் அடுத்த படத்தில் நடுவுக்கு வரவேண்டும். அதற்கடுத்ததில் இடது ஓரத்துக்குப் போகவேண்டும். சுவரின் ஒவ்வொரு சாணும் பல படங்களில், பல கோணங்களிலிருந்து விழுந்திருந்தால்தான் கணினி ஒப்பிட்டுப் பார்த்து, இந்தப் புடைப்பு இவ்வளவு முன்னால் இருக்கிறது, இந்தக் குழி இவ்வளவு உள்ளே போகிறது என்று கணக்குப் போடும். நம் இரண்டு கண்ணும் சேர்ந்து செய்கிற வேலைதான். அது இரண்டு கண், இது ஆயிரக்கணக்கில். ஒரு இடம் விட்டுப்போனால் திரையில் எழும் குகையில் அந்த இடத்தில் ஓட்டை விழும். அக்கா எடுத்த குகையில் ஓட்டையே விழாது. மல்லாந்து படுத்து, மண்டியிட்டு, ஏணியில் ஒற்றைக்காலில் நின்று, ஒரு வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி மூலை முடுக்கு விடாமல் எடுத்துக்கொண்டு வருவார்.

இந்தக் கதை ஒரே ஒரு குகையைப் பற்றியது. ஊருக்கு வெளியே இருக்கும் மலையில், வாய் குறுகி உள்ளே விரிந்த ஒரு குகை. பின்பக்கம் கூரை தாழ்ந்து வரும் இடத்தில் செம்மண் நிறத்தில் ஓவியங்கள். ஒரு மான் கூட்டம். அதற்குக் கீழே கைகோத்துக்கொண்டு நிற்கும் மனிதர்கள். ஓரத்தில் ஒரு உள்ளங்கை அச்சு, சின்னக் கை. யாரோ ஒரு பிள்ளையைத் தூக்கிப் பிடித்துக் கையை வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். அந்த உயரத்துக்குப் பிள்ளைக்கு எட்டியிருக்காது. அக்காவுக்கு மானைவிட அந்தக் கைதான் இஷ்டம். "தூக்கினவன் கை வலிச்சிருக்கும்" என்பார்.

குகைக்கு ஒரு காவலாளி. பகலெல்லாம் உள்ளே குளிர்ச்சியாக உட்கார்ந்துவிட்டுப் பொழுது சாய்ந்ததும் வெளியே வருவதால் அவருக்கு வௌவால் என்று பெயர். தாழ்ந்த கூரைக்கு நேர் கீழே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருப்பார். அக்கா படம் எடுக்க வரும்போதெல்லாம் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு இடம் மாறி இடம் மாறி, "என்னையும் சேர்த்து எடுத்துடுங்கம்மா, பின்னால வர்றவங்க இது என்ன மிருகம்னு ஆராய்ச்சி பண்ணட்டும்" என்பார்.

முதல் முப்பரிமாண மாதிரியை நான் திரையில் சுழற்றிக் காட்டிய நாள் அலுவலகத்தில் யாரும் வேலை பார்க்கவில்லை. கூரையைக் கழற்றி வைத்துவிட்டு மேலிருந்து எட்டிப் பார்த்தோம். குறுக்கே வெட்டிப் பார்த்தோம். எங்கள் துணை இயக்குநர், நாங்கள் மேடம் என்று அழைக்கிறவர், பெரிய படிப்பு படித்த பெண்மணி, அந்தச் சின்ன உள்ளங்கையைத் திரை முழுக்கப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு அக்காவின் தோளைத் தட்டிக்கொடுத்துப் போனார்.

ஒரு வருடம் கழித்து மறுபடியும் எடுக்கச் சொன்னார்கள். ஓவியத்தின் நிறம் மங்குகிறதா என்று பார்ப்பதற்காகத்தான். குகை வாசலிலும் தரையிலும் சர்வே ஆட்கள் பதித்துவைத்த கறுப்பு வெள்ளைத் தகடுகள் உண்டு. அவற்றை வைத்துப் பழைய மாதிரியின் மேல் புதியதைப் பொருத்தலாம். இரண்டும் ஒன்றாக இருக்கும் இடம் பச்சையாகத் தெரியும், விலகியிருக்கும் இடம் சிவப்பாகும். நான் பொருத்தினேன். குகை முழுக்கப் பச்சை. பின்பக்கக் கூரையில் மட்டும், மானும் மனிதர்களும் இருக்கும் பாறையில், மருதாணி வைத்த மாதிரி ஒரு சிவப்பு.

"அக்கா, இங்க என்னமோ உதைக்குது" என்றேன்.

அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து பார்த்தார். "ட்ரைபாட் ஆடியிருக்கும். என் தப்பா இருக்கும். திரும்பப் போய் எடுக்கறேன்."

திரும்பப் போய் எடுத்தார். அதே சிவப்பு. லென்ஸில் கோளாறு என்று வேறு லென்ஸ் வாங்கிப் போட்டு எடுத்தார். அதே சிவப்பு. தன் மேல் தப்பு இருக்க வேண்டும் என்று அத்தனை ஆசைப்பட்ட ஒருவரை நான் பார்த்ததில்லை. மூன்றாவது தடவையாகத் திரும்பப் போய் எடுத்துவந்த படங்களில் அந்தச் சிவப்பு இன்னும் கொஞ்சம் அடர்த்தியாகியிருந்தது. அந்தப் பெரிய பாறை கூரையிலிருந்து ஒரு நகத்தின் கனத்துக்குக் கீழே இறங்கியிருந்தது. கண்ணால் பார்த்தால் ஒன்றும் தெரியாது. நேரில் போய் அண்ணாந்து பார்த்தேன். மான்கள் சாதுவாக மேய்ந்துகொண்டிருந்தன.

அன்று அக்கா முதல் வேலையாக வௌவாலின் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் வாசலில் வைத்தார்.

"வெயில்ல கருகச் சொல்றீங்களா?"

"கருகினா மருந்து போட்டுக்கலாம். பேசாம இங்க உட்காருங்க."

வௌவால் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த மலையின் மறுபக்கம் ஒரு கல் குவாரி. உச்சிப்பொழுதில் சங்கு ஊதிவிட்டு வெடி வைப்பார்கள். அந்தக் குவாரியில் பாறையில் துளை போட்டு மருந்து நிரப்புகிறவர், அக்காவின் தம்பி. கூடப்பிறந்த தம்பி. அம்மா அப்பா போனபிறகு அவனை வளர்த்து, படிக்க வைத்து, படிப்பு ஏறாமல் போகவே தெரிந்தவர்களிடம் சொல்லி வேலையில் சேர்த்துவிட்டதும் அக்காதான். ஒரே வீடு. கீழே அக்காவும் அவர் கணவரும், மாடியில் தம்பியும் அவன் மனைவியும் கைக்குழந்தையும். அக்காவின் கணவர் பஸ் கண்டக்டர். வீட்டில் நாலு பேர் வாசலில் நின்று பேசினால்கூட, "வழியில நிக்காதீங்க, உள்ள போங்க, உள்ள இடம் காலியா இருக்கு" என்று வாய் தானாகச் சொல்லிவிடும். கலகலப்பான வீடு.

ஒரு சாயங்காலம் துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போன அக்கா, அங்கே குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்த தம்பியிடம் கேட்டிருக்கிறார்.

"ஏன்டா, நீங்க வெடி வைக்கிறப்ப எவ்வளவு தூரத்துக்கு ஆடும்?"

"ஏன் கேக்கற?"

"சும்மாதான்."

"நீ சும்மா கேக்கற ஆளா?"

அக்கா சொன்னார். பாறை இறங்குவதை, சிவப்பை, எல்லாவற்றையும். தம்பி குழந்தையைத் தட்டுவதை நிறுத்திவிட்டான்.

"எங்களுக்கு லைசென்ஸ் இருக்குக்கா. தூரம் அளந்து கல்லு நட்டிருக்காங்க. அதுக்கு அந்தப் பக்கம் நாங்க ஒரு துளைகூடப் போட்டதில்ல."

"நான் உன்னைச் சொல்லலைடா."

"பின்ன யாரைச் சொல்ற? வெடி வைக்கிறது நான்தானே?"

அக்கா மடித்த துணியைப் பிரித்து மறுபடியும் மடித்தாராம். மறுநாள் என்னிடம் சொன்னபோது, "கேட்டே இருக்கக்கூடாது. ஆனா கேக்காம எப்படி இருக்கறது, சொல்லு" என்றார். எனக்கும் தெரியவில்லை.

மேடம் எங்களை நம்பினார். அதைச் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் இந்த மாதிரிக் கதைகளில் மேலதிகாரி என்றால் காது கேளாதவராக இருப்பார் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. இவர் அன்றைக்கே தலைமை அலுவலகத்துக்கு எழுதினார், நேரில் போனார், ஒரு குழுவைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தார். குழுவில் வந்த நிலவியல் அறிஞர் நல்ல மனிதர். குகைக்குள் மணிக்கணக்காக விளக்கைப் பிடித்துக்கொண்டு பாறையின் விரிசலைப் பார்த்தார். வெளியே வந்து கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மழைத்தண்ணி இறங்குது. மேல மரத்து வேர் நுழைஞ்சிருக்கு. பாறைக்கும் வயசாச்சு. வெடி அதிர்வும் இருக்கலாம். எதுன்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது."

"எல்லாம் சேர்ந்தா?" என்று அக்கா கேட்டார்.

"எல்லாம் சேர்ந்துதான் இருக்கும். ஆனா 'எல்லாம்'னு எழுதினா யாரையும் நிறுத்தச் சொல்ல முடியாதும்மா." பிறகு அக்காவைப் பார்த்து, "உங்க படம் எவ்வளவு இறங்கியிருக்குன்னு சொல்லுது. ஏன் இறங்குதுன்னு சொல்லலையே" என்றார். குத்திக்காட்டவில்லை, உண்மையாகவே வருத்தப்பட்டுத்தான் சொன்னார்.

குவாரிக்கு உரிமம் தருவது வேறு துறை. அங்கே எழுதியதற்கு, விதிப்படி தூரம் சரியாக உள்ளது என்று பதில் வந்தது. சரி, வெடியை நிறுத்த முடியாவிட்டால் பாறைக்காவது முட்டுக் கொடுப்போம் என்று மேடம் முயன்றார். இரும்புத் தூண் நிறுத்தத் தரையைத் தோண்ட வேண்டும். தரைக்குள் பழைய அடுப்புச் சாம்பல் அடுக்கடுக்காக இருக்கிறது. அதைத் தொட வேண்டுமென்றால் முதலில் அகழாய்வு அனுமதி. அனுமதிக்குக் கூரை பாதுகாப்பானது என்று பொறியாளர் சான்று தரவேண்டும். பொறியாளர் வந்தார், வாசலோடு நின்றார். "முட்டுக் கொடுக்காம உள்ள ஆளை இறக்கினா நான்தான் பொறுப்பு. முட்டுக் கொடுங்க, சான்று தர்றேன்." முட்டுக் கொடுக்கத்தான் சான்றே கேட்கிறோம் என்றார் மேடம். அவரும் தலையைச் சொறிந்தார், இவரும் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். யார் மேலும் கோபப்பட வழியில்லை. எல்லோரும் அவரவர் வேலையை ஒழுங்காகத்தான் செய்தார்கள்.

கடைசியில் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரே ஒரு உத்தரவு மட்டும் தெளிவாக வந்தது: தொடர்ந்து படம் எடுத்துக் கண்காணிக்கவும்.

அக்கா கண்காணித்தார். மாதா மாதம் போனார். பொறியாளர் உள்ளே கால் வைக்காத இடத்தில் மல்லாந்து படுத்து, இறங்கி வரும் பாறையை அங்குலம் அங்குலமாக எடுத்தார். போகக்கூடாது என்று மேடம் தடுத்தபோது, "நீங்க வேண்டாம்னு சொன்னதா எழுதிக்கங்க. நான் போனதா எழுதிக்க வேண்டாம்" என்றார். கேமராவை நீளக் கம்பியில் கட்டி வாசல் பக்கமிருந்தே நீட்டி எடுக்கப் பழகிக்கொண்டார் என்பதால் பிறகு கொஞ்சம் நிம்மதியானோம். ஒவ்வொரு தடவையும் படங்கள் என்னிடம் வரும். நான் பொருத்துவேன். அக்கா என் பின்னால் நின்று நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டிருப்பார். சிவப்பு அகலமாகிக்கொண்டே வந்தது. நகக்கனமாக இருந்தது தீக்குச்சிக் கனமானது. பிறகு விரல் கனம்.

"ஒரு ஆளுக்கு உடம்பு சரியில்லன்னா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகலாம்" என்றார் ஒருநாள். "இதை எங்க தூக்கிட்டுப் போறது?"

இதற்கிடையில் தம்பி ஒரு காரியம் செய்தான். யாரிடமும் சொல்லாமல், மலையின் இந்தப் பக்கம் பார்த்த துளைகளில் மருந்தைக் குறைத்துப் போட ஆரம்பித்தான். சத்தம் வரும், புகை வரும், கல் மட்டும் பாதிதான் உடையும். கொஞ்ச நாள் ஓடியது. பிறகு குவாரி மேலாளர் வந்து பார்த்துவிட்டு, "என்னப்பா, பாறைக்குத் தாலாட்டா பாடற?" என்று கேட்டுவிட்டு அவனைக் கல் அரவை மிஷினுக்கு மாற்றிவிட்டார். அவன் இடத்துக்கு வேறொருவர் வந்தார். வந்த புதிதில் வேலையைக் காட்ட வேண்டுமே; முன்பைவிடப் பலமாக வைத்தார். அன்று வெடித்தபோது குகை வாசலில் வௌவால் குடித்துக்கொண்டிருந்த டீ டம்ளரில் வளையம் வளையமாக அலை எழுந்ததாம்.

தம்பிக்கு இடம் மாறியதை அக்கா சாப்பாட்டு நேரத்தில்தான் தெரிந்துகொண்டார். தலை, புருவம் எல்லாம் கல்தூள் அப்பி வந்து உட்கார்ந்திருக்கிறான்.

"யாருடா உன்னை இதெல்லாம் பண்ணச் சொன்னது?"

"யாரும் சொல்லல."

"வேலை போயிருந்தா?"

"போகலையே." தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நான் இருந்தாலாவது கம்மியா வெச்சிருப்பேன். இப்ப அதுவும் இல்ல. நான் எதுவும் பண்ணாமலே இருந்திருக்கலாம் போல."

அக்காவின் கணவர்தான் நடுவில் புகுந்து, "சரி சரி, சாப்பிடும்போது சண்டை வேண்டாம். அடுத்த ஸ்டாப்பிங்ல பேசிக்கலாம்" என்றாராம். யாரும் சிரிக்கவில்லை.

மழை வந்தது. அந்த வருடம் கொஞ்சம் அதிகம்தான். குகைக்குப் போகும் பாதையில் மண் சரிந்து ஜீப் போக முடியவில்லை. அக்கா கையில் கேமராப் பையோடு அலுவலகத்து ஜன்னலருகே வந்து வந்து வானத்தைப் பார்த்துவிட்டுப் போவார். மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வௌவாலிடமிருந்து அக்காவுக்கு ஃபோன் வந்தது.

"அம்மா, இறங்கிடுச்சு."

"நீங்க எங்க இருக்கீங்க?"

"வெளியதான். நீங்க போட்ட இடத்துலதான் உட்கார்ந்திருக்கேன்."

பெரிய சத்தம்கூட இல்லையாம். லாரியிலிருந்து மூட்டையைத் தொப்பென்று இறக்கின மாதிரி ஒன்று. பிறகு உள்ளேயிருந்து பிள்ளைகள் ஊதித் தள்ளின மாதிரி ஒரு குளிர்ந்த புழுதி. அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை குவாரிக்கு விடுமுறை. அதற்கு முந்தின நாலைந்து நாளும் மழையால் வெடி வைக்கவில்லை. அதனால் குவாரிதான் காரணம் என்று யாரும் சொல்ல முடியாமல் போயிற்று. குவாரி காரணமில்லை என்றும் யாரும் சொல்ல முடியாது. மாதக்கணக்காக ஆட்டிவைத்தது வெடியா, கடைசியில் தள்ளிவிட்டது மழையா, இரண்டுமே இல்லாமல் பாறைக்கே நேரம் வந்துவிட்டதா? நிலவியல் அறிஞர் மறுபடி வந்து பார்த்துவிட்டு முன்பு எழுதியதையே எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார். தம்பிதான் அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பிடித்துக்கொண்டு தொங்கினான். "லீவு நாள்லதானேக்கா விழுந்துச்சு? லீவு நாள்தானே?" என்று அக்காவிடம் திரும்பத் திரும்பக் கேட்டான். "ஆமாடா, லீவு நாள்தான்" என்று அவரும் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பவர் மாதிரி பதில் சொன்னார்.

அதன்பிறகு எங்களுக்குப் புகழ் வந்ததுதான் கொடுமை. அருங்காட்சியகத்தில் ஒரு அறை ஒதுக்கிப் பெரிய திரையில் எங்கள் மாதிரியைப் போட்டார்கள். பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். திறப்பு விழாவில் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி, "குகை போய்விட்டது, ஆனால் குகை நம்மிடம்தான் இருக்கிறது" என்று பேசினார். கைதட்டினார்கள். அக்காவை மேடைக்குக் கூப்பிட்டுப் பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். கேமராக்காரர் ஒருவர் கீழேயிருந்து, "கொஞ்சம் சிரிங்க மேடம்" என்று சொல்ல, அக்கா உதட்டை ஒரு மாதிரி இழுத்துக்கொண்டு நின்றார். படத்தில் அவர் கண்ணை மூடியிருந்தார்.

விழா முடிந்து வெளியே வரும்போது அவர் கணவர் பையை வாங்கிக்கொண்டு, "உன்னால முடிஞ்சதை நீ செஞ்சுட்ட. மனசைப் போட்டு அலட்டிக்காத" என்றார்.

"என்னால முடிஞ்சது பார்க்கறது மட்டும்தாங்க" என்றார் அக்கா. "நல்லாப் பார்த்தேன்."

அவர் பேச்சில் கோபம் இல்லை. அழுகையும் இல்லை. நான் பக்கத்தில்தான் நடந்து வந்துகொண்டிருந்தேன்.

வேலை அத்தோடு முடியவில்லை. விழுந்த பாறை துண்டு துண்டாகக் கிடந்தது. மற்றபடி கூரை உறுதிதான், இனி விழ ஒன்றும் பாக்கியில்லை என்று பொறியாளர் இப்போது கையெழுத்துப் போட்டார். துண்டுகளைப் பொறுக்கி, ஒவ்வொன்றையும் எல்லாப் பக்கமும் படம் எடுத்து, எது எங்கே இருந்தது என்று கணினியில் சேர்த்துப் பார்க்கலாம் என்று மேடம் முடிவு செய்தார். திரையில் சேர்க்கலாம். கல்லைக் கல்லோடு சேர்த்துத் திரும்பக் கூரையில் ஒட்ட வழி கிடையாது. அதை அவரே முதல் நாள் சொல்லிவிட்டார்.

துண்டு தூக்க ஆள் வேண்டியிருந்தது. வாரவிடுமுறை நாட்களில் தம்பி வந்தான். யாரும் கூப்பிடவில்லை. கூலி கொடுக்க மேடம் பேச்செடுத்தபோது காதில் விழாதவன் போல் உள்ளே போய்விட்டான். பாறையைப் பற்றி அவனுக்குத் தெரிந்த அளவு எங்களுக்குத் தெரியாது என்றெல்லாம் கதை விடமாட்டேன். பலமான ஆள், நிதானமாகத் தூக்கினான், அவ்வளவுதான். ஒவ்வொரு துண்டையும் இரண்டு கையாலும் ஏந்திவந்து மணல் நிரப்பிய தட்டில் வைப்பான். அக்கா தட்டைச் சுற்றிச் சுற்றி வந்து எடுப்பார். திருப்பி வைப்பான். மறுபடி எடுப்பார். இரண்டு பேரும் வேலை சம்பந்தமான வார்த்தை தவிர வேறு பேசமாட்டார்கள்.

"இது எந்தப் பக்கம்கா?"

"சிவப்பு மேல வர்ற மாதிரி வை."

"இதுல சிவப்பே இல்ல."

"அப்ப எப்படி வேணா வை."

மானின் கால்கள் கிடைத்தன. கொம்பு ஒன்று கிடைத்தது. கைகோத்து நின்றவர்களில் பாதிப் பேர் ஒரே துண்டில் கைவிடாமல் இருந்தார்கள். அதைத் தூக்கி வந்த அன்று வௌவால்கூடத் தன் வழக்கமான வேடிக்கைப் பேச்சை விட்டுவிட்டு எழுந்து நின்றுவிட்டார். நான் ஒரு துண்டைப் பழைய மாதிரியில் பொருத்தி அது சரியாக உட்காரும்போது என்னையறியாமல் சந்தோஷம் வரும். அடுத்த நிமிடம் எதற்குச் சந்தோஷப்பட்டோம் என்று தோன்றும்.

அந்தச் சின்ன உள்ளங்கை மட்டும் கிடைக்கவே இல்லை. எங்கே இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும். விழுந்ததிலேயே பெரிய பாறை, ஒரு கட்டில் அகலத்துக்கு, உடையாமல் குப்புற விழுந்திருந்தது. ஓவியப் பக்கம் தரையைப் பார்த்து. குகை வாய் குறுகலாக இருப்பதால் கிரேன் உள்ளே நுழையாது. ஆட்களை வைத்து நெம்பிப் புரட்டலாம் என்றால், புரட்டும்போது இரண்டாகப் போகும், அடியில் நெம்புகோல் படும் இடத்தில் நிறம் உரியும். அப்படியே விட்டால் தரை ஈரம் மெல்ல மெல்ல அரிக்கும். இரண்டு வழியையும் யோசித்து யோசித்து மேடம் அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். அந்தப் பிறகு இன்னும் வரவில்லை.

மற்ற எல்லாத் துண்டுகளும் கிடங்குக்குப் போனபின் கடைசியாக அந்தப் பெரிய பாறையின் முதுகை எடுத்தோம். அக்கா வழக்கம்போல ஒரு சாண்கூட விடாமல் எடுத்தார். வெறும் கரடுமுரடான கல். ஓவியம் தீட்டியவர்கள்கூட அந்தப் பக்கத்தைப் பார்த்திருக்கமாட்டார்கள். தம்பி தரையோடு தரையாகப் படுத்து, பாறைக்கும் மண்ணுக்கும் நடுவே இருந்த சின்ன இடுக்கில் டார்ச் அடித்துக் கன்னத்தை மண்ணில் வைத்துப் பார்த்தான்.

"ஏதாச்சும் தெரியுதாடா?" என்றார் அக்கா.

அவன் ரொம்ப நேரம் பார்த்தான். டார்ச்சைக் கை மாற்றிப் பிடித்துப் பார்த்தான்.

"இல்லக்கா. மண்ணுதான் தெரியுது."

"சரி, எழுந்துக்க. சட்டையெல்லாம் ஈரமாகுது."

அவன் எழுந்திருக்கவில்லை. அக்கா கேமராவைப் பையில் வைத்து மூடிவிட்டு, தானும் அவன் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்தார்.